சும்மா ஒரு கருத்து

எல்லீஸ் நகர், மதுரை
16 ஜூன் 2024

அன்பு அக்காவுக்கு, தம்பி அழகுராஜா எழுதுவது.

நானும் முத்துமீனாவும் சுகம். தைராய்டு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்களே, அதன் பிறகு உன் கை நடுக்கம் குறைந்ததா? மாமா எப்படி இருக்கிறார்?

நாள் முழுக்க டவுன்ஹால் ரோட்டில் அடுத்தவர் லேப்டாப்பைப் பிரித்து மாட்டுகிறவன் தாளில் கடிதம் எழுதுகிறான் என்று கடையில் பக்கத்து மேசை ராம்கி சிரிக்கிறான். உன் போன் பாதி நேரம் மாமா சட்டைப்பையில்தான் இருக்கும் என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது? பள்ளிக்கூட முகவரிக்கு எழுதினால் உன் கைக்கே வரும் என்றாய். அதனால் இந்தக் கடிதம்.

என் வலைப்பக்கத்துக்கு மூன்று வயது ஆகிவிட்டது. ‘சும்மா ஒரு கருத்து’ என்று பெயர் வைத்தபோது நாலு பேர் படித்தால் போதும் என்று நினைத்தேன். இப்போது வாரம் ரெண்டாயிரம் பேர் படிக்கிறார்கள். தெற்குவெளியான் என்கிற புனைபெயரில் எழுதுவது நான்தான் என்று உனக்கும் முத்துமீனாவுக்கும் ராம்கிக்கும் மட்டும்தான் தெரியும். இந்த வாரம் மடக்குகிற போனைப் பற்றி எழுதினேன்: நம் ஊர்ப் புழுதிக்கு அந்தக் கீல் ஒரு கோடைகூடத் தாங்காது. தேர்தல் முடிந்தபின் டீக்கடைக்கு டீக்கடை நிபுணர்கள் முளைத்ததையும் எழுதினேன். ஒரு கட்சிக்காரன் திட்டினான். இன்னொரு கட்சிக்காரனும் திட்டினான். அப்படியென்றால் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

விமானம் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று வாங்கினேன். நிஜமான செயற்கைக்கோள் படங்களை வைத்தே தரையைச் செய்திருக்கிறார்கள். மதுரையில் ஏறி, யானைமலையைத் தாண்டி, மேலூர்ப் பக்கம் திரும்பி உன் பூமலைப்பட்டிக்கு வந்தேன். பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கூரைகூடத் தெரிந்தது. ஆனால் அதற்குப் பின்னால் சதுரமாக ஒரு பள்ளம். அவ்வளவு பெரிய பள்ளமா அது? நீ ஒருநாளும் சொன்னதில்லையே.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி
அழகுராஜா


பூமலைப்பட்டி
24 ஜூன் 2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்து மகிழ்ந்தேன். கை நடுக்கம் தேவலை. கரும்பலகையில் வட்டம் வட்டமாகவே வருகிறது. முத்துமீனாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீயும் சாப்பிடு.

போன் பற்றியெல்லாம் எனக்கு ஒரு கருத்தும் இல்லை. பள்ளிக்கு ஒரு பெரிய தொடுதிரைப் பலகை வந்திருக்கிறது. நெட் இருந்தால் கரண்ட் இல்லை, கரண்ட் இருந்தால் நெட் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் துப்பாக்கி விளையாட்டில் யார் யாரைச் சுட்டார்கள் என்று என்னிடமே வந்து பஞ்சாயத்து வைக்கிறார்கள். எனக்கு அதில் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

பள்ளத்தைக் கேட்டாய். குவாரி நான்கு வருஷமாக நடக்கிறது. மாமா அங்கே கல் ஏற்றுகிற இடத்தில் மேற்பார்வை பார்க்கிறார் என்பதுதான் உனக்குத் தெரியுமே. முன்பு மலையை ஒட்டி வெட்டினார்கள். இப்போது கண்மாயின் மேற்குக் கரை வரை வந்துவிட்டார்கள். காலை பதினோரு மணிக்குச் சங்கு ஊதும், அதன் பிறகு வெடி. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் சங்குச் சத்தம் கேட்டதும் நான் சொல்லாமலேயே பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொள்கின்றன. வகுப்புச் சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது. போன வருஷம் நூல் போல இருந்தது. இப்போது என் சுண்டுவிரல் நுழைகிறது.

இதெல்லாம் நீ கேட்டதால் எழுதினேன். மாமா நலம்.

அன்புடன்
கனகலட்சுமி


மதுரை
7 ஜூலை 2024

அன்பு அக்காவுக்கு,

நலமா? என் முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது, குனிந்து வேலை பார்க்கிறவனுக்கு அது கூடவே வரும்.

ஒன்று சொல்ல வேண்டும். உன்னைக் கேட்காமல் எழுதிவிட்டேன். ‘விமானத்திலிருந்து ஒரு பள்ளம்’ என்று தலைப்பு. விளையாட்டைப் பற்றித்தான் ஆரம்பித்தேன். ராம்கி ஐந்து வருஷத்துக்கு முந்தைய படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தான். பழையதில் கண்மாய்க்கு நான்கு பக்கமும் கரை இருக்கிறது. புதியதில் மூன்று பக்கம்தான். கடைசியில், சங்கு ஊதினால் குழந்தைகள் பென்சிலை வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொள்கிற ஒரு பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தேன். ஊர்ப்பெயரோ உன் பெயரோ போடவில்லை.

நாற்பதாயிரம் பேர் படித்துவிட்டார்கள் அக்கா. எல்லோரும் அந்தப் பென்சில் வரியைத்தான் எடுத்துப் பகிர்கிறார்கள். ஒரு செய்தி சேனல்கூடக் காட்டியது.

ஒருவர் மட்டும் மிக மரியாதையாக, “நல்ல பதிவு. அது எந்தப் பள்ளி என்று சொன்னால் உதவி செய்ய விரும்புகிறோம்” என்று மூன்று முறை கேட்டார். நான் பதில் போடவில்லை.

கோபமா? இருந்தால் திட்டி எழுது.

அழகுராஜா


பூமலைப்பட்டி
15 ஜூலை 2024

தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

அந்த வரியை நீ எழுதியிருக்க வேண்டாம். பதினோரு மணிக்கு வெடி வைக்கிற குவாரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பள்ளிதான் இருக்கிறது. அதில் ஒன்றாம் வகுப்பு எடுப்பது நான் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை மாமா உன் கட்டுரையைத் தாளில் எடுத்துக்கொண்டு வந்தார். பென்சில் வரிக்கு மஞ்சள் மையால் கோடு போட்டிருந்தார்கள். “இதை யாருகிட்டச் சொன்ன?” என்று கேட்டார். யாரிடமும் சொல்லவில்லை என்றேன். சோறு வைக்கும்போது மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பழக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை குவாரி மேலாளர் மொக்கையன் வீட்டுக்கு வந்தார். ஒரு கூடை மாதுளம்பழம் கொண்டுவந்தார். பள்ளிக்கு என்ன தேவை, சுவரைப் பூசித் தரட்டுமா என்று விசாரித்தார். போகும்போது, “டீச்சருக்குக் கூடப் பொறந்தவக யாரும் இருக்காகளா?” என்று சாதாரணமாகக் கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். ஒரு தம்பி, மதுரையில் கடையில் வேலை பார்க்கிறான் என்றேன். அது பொய் இல்லையே.

தயவுசெய்து அதை எடுத்துவிடு. போனைப் பற்றியும் விளையாட்டைப் பற்றியும் எழுது. அதுவே நன்றாக இருக்கிறது.

கனகலட்சுமி


மதுரை
28 ஜூலை 2024

அன்பு அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நீ பயந்துபோய் எழுதியிருக்கிறாய் என்று எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

எடுக்கலாம் என்று நினைத்தேன். ராம்கியும், “மாப்ள, அக்காவுக்குத் தொந்தரவுன்னா தூக்கிரு” என்றுதான் சொன்னான். ஆனால் இப்போது எடுத்தால் பயந்துவிட்டான் என்று தெரிந்துபோகும். அதோடு, படங்களைப் பார்த்துவிட்டுக் கோட்டாட்சியர் விசாரணை நடக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஒரு கேம் விளையாடி, சும்மா ஒரு கருத்து எழுதி, அது இவ்வளவு தூரம் போயிருக்கிறது. எனக்கே பெருமையாக இருக்கிறது, மறைக்கவில்லை.

இந்த வாரம் செயற்கைக் குரல்களைப் பற்றி எழுதினேன். நாம் பேசுவதை அரை நிமிஷம் பதிவு செய்தால் போதும், நம் குரலிலேயே யாரிடமும் எதையும் பேசவைக்கலாம். இனிமேல் போனில் ஒருவன் “நான்தான்” என்றால் நம்ப முடியாது. நம் கடிதங்கள்தான் பத்திரம்.

மாமா மறுபடி கேட்டாரா? பதில் எழுது.

அழகுராஜா


பூமலைப்பட்டி
17 ஆகஸ்ட் 2024

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். பதில் தாமதமாகிவிட்டது. சுதந்திர தின விழா வேலை.

நீ தினமும் எந்த வழியாகக் கடைக்குப் போகிறாய்? அழகர்கோவில் ரோட்டில் ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்துக்கு வாரம் ஒருநாள் போவேன் என்பாயே, இப்போதும் போகிறாயா? கொஞ்ச நாள் அங்கே வேறு யாரையாவது அனுப்பு. வண்டியில் போகும்போது ஹெல்மெட் போடு. முத்துமீனாவைத் தனியாக எங்கும் அனுப்பாதே.

பெரிதாக ஒன்றும் இல்லை. மனசு சரியில்லை, அவ்வளவுதான். மாமா இப்போது ஒன்றும் கேட்பதில்லை.

கனகலட்சுமி


மதுரை
30 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

அவர் சொல்லச் சொல்ல முத்துமீனா எழுதுகிறேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவரால் பேச முடியவில்லை. உங்களாலும் முடியவில்லை. உங்கள் வீட்டுக்காரர்தான் அரை மணி நேரமும் ஆர்லிக்ஸ் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ரோடு சரியில்லை என்று பேசிக்கொண்டிருந்தார். இனி அவர் சொல்வது:

அக்கா, உன் கடிதம் வந்த மறுநாள் நடந்தது. நீ சொன்னதால் ஹெல்மெட் போட்டிருந்தேன். அதனால்தான் தலை தப்பியது. காலை பத்தரை மணி, நல்ல வெயில். அழகர்கோவில் ரோட்டில் அப்பன்திருப்பதி தாண்டி ஓரமாக வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பைக்கில் வந்த ஒருவன் பக்கத்தில் நிறுத்தி, “அண்ணே, தெற்குவெளியான் நீங்கதான?” என்றான். வாசகன் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அதன் பிறகு அந்த டிப்பர் லாரி வந்தது. நம்பர் பலகை இல்லை. வலது கால் மூன்று இடத்தில் முறிந்திருக்கிறது. ஸ்டேஷனில் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள்.

என் பெயரை யாரோ கொடுத்திருக்கிறார்கள். தெரிந்தது மூன்று பேருக்கு. நீ, முத்துமீனா, ராம்கி. பதிவைத் தூக்கிவிடச் சொன்னவன் அவன்தானே? அன்றைக்கு நான் எந்த ரோட்டில் போகிறேன் என்று கடையில் இருந்த அவனுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பச் சொன்னேன். நேற்று வலைப்பக்கத்தில் அவன் பெயரைப் போட்டே எழுதிவிட்டேன்.

இவ்வளவு எழுதியதும் அவர் தூங்கிவிட்டார். வலிக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முத்துமீனா


பூமலைப்பட்டி
5 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

கால் வலி எப்படி இருக்கிறது? கட்டு எப்போது பிரிப்பார்கள்? இன்று ஆசிரியர் தினம். பிள்ளைகள் ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

ராம்கியை அவசரப்பட்டுச் சொல்லாதே. அவன் அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீ எழுதியதை எடுத்துவிட்டால் நல்லது. ஏன் என்று கேட்காதே.

முத்துமீனாவுக்கு என் அன்பு.

கனகலட்சுமி


பூமலைப்பட்டி
24 செப்டம்பர் 2024

தம்பி அழகுராஜாவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. இன்று நான் நலம் விசாரித்து ஆரம்பிக்கப் போவதில்லை. அந்த யோக்கியதை எனக்கு இல்லை.

ராம்கி உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி, சனிக்கிழமை மத்தியானம். மாமா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். தன்னை வேலையை விட்டு நிறுத்துவதாக அவர்கள் சொல்லிவிட்டதாகச் சொன்னார். பிறகு அழுதார். பதினெட்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. “யாருன்னு மட்டும் சொல்லு கனகு. உக்காந்து பேசத்தேன் போறாக. வேறொண்ணும் இல்ல. எம்மேல ஆணை” என்றார். நான் உன் பெயரைச் சொன்னேன். இப்போது எந்தக் கடை என்று கேட்டார். அதையும் சொன்னேன். அழகர்கோவில் ரோட்டுக்கு எந்தக் கிழமை போவாய் என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிழமையை நீ எழுதியிருந்த பழைய கடிதங்கள் என் பையில் இருந்தன. மறுநாள் அவை இல்லை.

ஒரு வாரம் உனக்கு எழுதாமல் இருந்தேன். பிறகு ஹெல்மெட் போடு என்று எழுதினேன். அதற்கு மேல் எழுதப் பேனா ஓடவில்லை. ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் நீ அன்றைக்குப் போயிருக்க மாட்டாய்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் மாமாவைக் கேட்டேன். “லாரிக்காரன் தூங்கியிருப்பான். அதையும் இதையும் எதுக்கு முடிச்சுப் போடுற?” என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துத் துண்டாக்கிவிட்டார். அவருக்கும் தெரியாமல்தான் நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ள முடிகிறது, நம்ப முடியவில்லை.

பள்ளிக் கம்ப்யூட்டரில் உன் பக்கத்தைப் படித்தேன். ராம்கியைக் கடையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். துரோகி என்று ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். அவன் வீட்டு வாசல் படத்தைக்கூட ஒருவன் போட்டிருக்கிறான். நான் சும்மா இருக்க இருக்க அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அவன் தாயாரிடம் உண்மையைச் சொல். என் பெயரையும் சொல்.

கோட்டாட்சியர் விசாரணைக்கு நவம்பர் ஆறாம் தேதி பள்ளிக்கே வருகிறார்கள். சுவரைப் பற்றியும் கரையைப் பற்றியும் நான் சாட்சி சொல்லப் போகிறேன். பெயர் கொடுத்துவிட்டேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் நேற்று மொக்கையன் பள்ளி வாசலில் காரை நிறுத்தி, “டீச்சர், ஆறாம் தேதி லீவு போட்டுருங்க, உடம்புக்கு நல்லது” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

அதுவரை நான் உங்கள் வீட்டில் வந்து இருக்கலாமா? அங்கிருந்தே பள்ளிக்குப் போய் வருகிறேன். வராதே என்றாலும் எழுது. வா என்றாலும் எழுது. எதுவும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

கனகலட்சுமி


மதுரை
2 நவம்பர் 2024

அக்காவுக்கு,

ஐந்து வாரம் ஆகிவிட்டது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதல் கடிதத்தில் இருந்த வார்த்தைகளை நீ படிக்காமல் போனதே நல்லது. அதன் பிறகு, எழுதாமல் இருப்பதே உனக்குத் தண்டனையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. முத்துமீனா தீபாவளியன்று சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, “உங்களுக்கு ஒடைஞ்சது காலு. அவங்களுக்கு அங்க யாரு இருக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

நேற்று ஊன்றுகோலோடு செல்லூரில் ராம்கி வீட்டுக்குப் போனேன். அவன் இல்லை. திருப்பூருக்குப் போய்விட்டானாம். அவன் அம்மா என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே சொன்னேன். பெயர் கொடுத்தது அவன் இல்லை, நான் தப்பாக எழுதிவிட்டேன் என்றேன். “அதை எம்புட்டுப் பேரு படிச்சாக, இதை எம்புட்டுப் பேரு படிப்பாக?” என்று கேட்டார். வலைப்பக்கத்திலும் மன்னிப்பு எழுதினேன். இதுவரை அறுபது பேர் படித்திருக்கிறார்கள். உன் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை.

அந்தப் பென்சில் வரி உன்னுடையது. உன்னைக் கேட்காமல் எடுத்துப் போட்டது நான். நீ செய்ததை எண்ணும்போதெல்லாம் அதையும் சேர்த்து எண்ண வேண்டியிருக்கிறது.

கிளம்பி வா. யாரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பாதே. பள்ளி முடிந்ததும் அப்படியே மேலூரில் பஸ் ஏறு. முத்துமீனா தினமும் சாயங்காலம் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நிற்பாள். ஆறாம் தேதி இங்கிருந்து நானும் கூட வருகிறேன், காலோடோ கட்டோடோ. முன்னறையை உனக்கு ஒழித்து வைத்திருக்கிறோம்.

உன் தம்பி
அழகுராஜா


பூமலைப்பட்டி
8 நவம்பர் 2024

டீச்சர் தம்பி அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற சின்னத்தாய் எழுதுறேன். நீங்க என்னைப் பாத்ததில்லை. எழுத்துப் பிழை இருந்தா மன்னிக்கணும். உங்க கால் தேறிடுச்சான்னு டீச்சர் தினமும் கவலைப்படுவாங்க. தேறியிருக்கும்னு நம்புறேன்.

உங்க கவர் நேத்து வியாழக்கிழமைதான் வந்துச்சு. மழையில பாதை அடைச்சுக் கிடந்ததால தபால்காரரு மூணு நாள் வரலை. நான் பிரிக்கலை. பின்னாடி இருந்த விலாசத்தைப் பாத்துத்தான் இதை எழுதுறேன். உங்க போன் நம்பர் இங்க யாருகிட்டயும் இல்லை.

ஒரு மாசமா தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டா டீச்சர் பாடத்தை நிப்பாட்டிட்டு வாசலுக்கு வருவாங்க. எனக்கு ஏதும் இருக்கான்னு கேப்பாங்க. இல்லைன்னதும் உள்ள போயிருவாங்க. தீபாவளிக்கு மொத நாள் என்கிட்ட, இனிமே வராது சின்னத்தாயின்னு சொன்னாங்க.

திங்கக்கிழமையிலருந்து டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு வரலை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். டீச்சர் வீட்டு சார் வாசல்லயே நின்னு, “அவ தம்பி வீட்டுக்குப் போயிட்டா. கால் ஒடைஞ்சவனைப் பாக்கணும்ல”ன்னு சொன்னாரு. சார் முகத்துல ரெண்டு நாள் தாடி. எனக்குப் பின்னால ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. புதன்கிழமை அதிகாரிங்க ஜீப்புல வந்தாங்க. கனகலட்சுமி டீச்சர் எங்கன்னு கேட்டாங்க. மொக்கையன் சார்தான், லீவுல இருக்காங்கன்னு பதில் சொன்னாரு. வேற யாரும் வாயைத் தொறக்கலை. நானும் தொறக்கலை. காமணி நேரத்துல கெளம்பிட்டாங்க. சுவரை யாரும் பாக்கலை, அதுக்கு முன்னாலேயே பூசிட்டாங்க.

நேத்து உங்க கவரை வைக்கிறதுக்கு டீச்சர் மேசையைத் தொறந்தேன். அவங்க கண்ணாடி உள்ள இருந்துச்சு. அது இல்லாம பஸ்ஸுல எழுதியிருக்கிற ஊரைக்கூடப் படிக்க மாட்டாங்க. மறந்து வச்சுட்டுப் போயிருக்கலாம்.

அங்க வந்து சேந்துட்டாங்கன்னு ஒரு வரி எழுதுனாப் போதும். கண்ணாடியை யாருகிட்டயாவது குடுத்துவிடுறேன். உங்க வீட்டுல எல்லாரும் சுகம்தான? டீச்சர் அங்கதான இருக்காங்க?

இப்படிக்கு
சின்னத்தாய்